பெற்றோருக்குப் பிறகு யார்?

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பெற்றோர் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். மனச்சிதைவு நோயோடும் இருமுனைக் கோளாறோடும் வாழும் மகனையோ மகளையோ முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட பெற்றோர் அவர்கள். வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தவர்கள். பிள்ளை நள்ளிரவில் எழுந்து போய்விடக் கூடாதே என்று வாசற்படிக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுத்தவர்கள். உறவுக்காரர்களின் கேள்விக்குப் பயந்து கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டவர்கள். இவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயதாகிறது. பிள்ளைக்கு நாற்பதோ ஐம்பதோ இருக்கும். மருத்துவர் முன்னால் உட்காரும்போது இவர்கள் நோயைப் பற்றிக் கேட்பதில்லை. அதில் இவர்களுக்குத் தெரியாதது குறைவு. “எனக்கப்புறம் இவனை யாருங்க பாத்துப்பாங்க?” என்றுதான் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு மருத்துவமனையிடம் பதில் இல்லை. அரசின் பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, தெருவில் இல்லை. ஓரளவுக்காவது பதில் வைத்திருந்தவை, பாதிக்கப்பட்டவர்களும் குடும்பத்தாரும் தாங்களே கூடி உருவாக்கிக்கொண்ட ஆதரவுக் குழுக்கள். அந்தக் குழுக்களைத் தோளில் சுமந்தவர்களும் இதே பெற்றோர்தான். 1980-களிலும் 90-களிலும் சங்கத்தைத் தொடங்கியவருக்கு இன்று கூட்டத்துக்குப் படியேறி வர முடியவில்லை. அடுத்து நாற்காலியில் உட்கார ஆளில்லை. குழந்தை பிறந்தால் தடுப்பூசிக்கு எங்கே போவது என்று எந்தக் கிராமத்துத் தாய்க்கும் தெரியும். மகனுக்கு மனநோய் என்று தெரிந்த அன்று யாரிடம் போய்ப் பேசுவது என்பது மாவட்டத் தலைநகரில் இருப்பவருக்கே தெரியாது. உங்கள் ஊரில் இப்படி ஒரு குழு எந்தக் கிழமை, எந்த இடத்தில் கூடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் பதில் கிடைக்காது.

ஆதரவுக் குழுவுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பதினைந்து இருபது பேர், ஓர் அறை, வட்டமாகப் போட்ட நாற்காலிகள், ஒரு ஃபிளாஸ்க் டீ. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் நடப்பதாகவே தெரியாது. உள்ளே உட்கார்ந்தால்தான் தெரியும்.

க்ளோசபின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குக் கொடுப்பது. வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும் என்பதால் முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். நூறு பேர் வரிசையில் நிற்கும் ஓபியில் இதை விளக்க மருத்துவருக்குக் கிடைப்பது அரை நிமிடம். “வாரா வாரம் ரத்தம் எடுக்கிறாங்க, புள்ளைக்கு என்னமோ பெரிய வியாதி, நம்மகிட்ட மறைக்கிறாங்க” என்று பயந்து மருந்தை நிறுத்திவிடும் தாய்மார் உண்டு. குழுவில் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் இன்னொரு தாய் உட்கார்ந்திருப்பார். “என் பொண்ணுக்கும் இப்படித்தான் எடுத்தாங்க. நாலு மாசம் பல்லைக் கடிச்சிட்டு ஓட்டுங்க, அப்புறம் இடைவெளி கூடும்” என்பார். மருத்துவர் சொன்னதும் அதுவேதான். ஆனால் சொல்பவர் அதைக் கடந்து வந்தவர். அதனால் அது காதில் ஏறுகிறது.

இருமுனைக் கோளாறு உள்ள ஒருவர், தன் எழுச்சி நிலை எப்படி வரும் என்று அங்கே சொல்வார்: முதலில் தூக்கம் குறையும், குறைந்தாலும் அலுப்பே தெரியாது, பிறகு நடுராத்திரியில் பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போடத் தோன்றும், கையிலிருக்கும் பணம் கரையும். “மூணு ராத்திரி தூங்கலைன்னா நானே கிளம்பி டாக்டர்கிட்ட போயிடுவேன்” என்று அவர் சொல்லும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் இளைஞன் தன் கதையை முதல் தடவையாக முழுதாகப் புரிந்துகொள்கிறான். தன்னைப்போல இன்னொருவர் இருக்கிறார், வேலைக்குப் போகிறார், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார் என்பதைப் பார்ப்பதற்கு ஈடான சிகிச்சை மருந்துச் சீட்டில் எழுத முடியாதது.

வேறெங்கும் பேச முடியாதவற்றையும் அங்கே பேசலாம். பாதிக்கப்பட்ட பிள்ளை மாத்திரை போட மறுத்தால் சோற்றிலோ காப்பியிலோ கலந்து கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. யாரும் வெளியே சொல்வதில்லை. ஒரு நாள் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அவன் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான் என்பதை, அப்படி ஆகிப்போன வீட்டுக்காரர் சொன்னால்தான் நம்புவார்கள். மாதம் ஒரு முறை போடும் ஊசி உண்டு, அதை மகனிடமே பேசி ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்ற வழியும் அங்கேதான் தெரியவரும். “கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்” என்று சொந்தக்காரர்கள் நெருக்கும்போது, மறைத்துச் செய்துவைத்த கல்யாணம் எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல நான்கு குடும்பங்கள் அங்கே இருக்கும்.

காகித வேலைகளும் அங்கேதான் துலங்கும். மனநோயும் ஓர் ஊனமாகச் சட்டத்தில் ஏற்கப்பட்டிருக்கிறது. 40 சதவீதப் பாதிப்பு என்று சான்று கிடைத்தால் சலுகைகள் உண்டு. அதை அளப்பதற்குத் தனி அளவுகோலே இருக்கிறது. தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரியவைப்பது, வேலை செய்வது என்ற நான்கிலும் எவ்வளவு சிரமப்படுகிறார் என்று அது பார்க்கிறது. சான்று வாங்கப் போகும் அன்று மகனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, “நல்லாத்தான் சார் இருக்கான்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் அப்பாக்கள் எத்தனை பேர்! மத்திய அரசில் வேலை பார்த்தவரின் பிள்ளைக்குச் சம்பாதிக்க முடியாத அளவுக்கு மனநோய் இருந்தால், பெற்றோருக்குப் பின் ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதிகளில் இடம் இருக்கிறது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பெயரைப் பதிந்துவைத்தால் பிற்பாடு அலைச்சல் குறையும். இதை ஓர் அலுவலகமும் தானாக முன்வந்து சொல்லாது. இன்னொரு குடும்பம்தான் சொல்லும்.

இதெல்லாம் இறக்குமதிச் சரக்கு என்று நினைக்கத் தேவையில்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். பூட்டிவைப்பதே சிகிச்சையாக இருந்த காலம் அது. குடும்பம் கூட இருந்ததால் நோயாளிகள் விரைவாகத் தேறி வீடு திரும்பினார்கள். அதே காலகட்டத்தில் வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையமும் உறவினர் ஒருவர் கூடவே தங்கினால்தான் சிகிச்சை என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தது. இன்றும் அது தொடர்கிறது. சென்னையில் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் நெடுங்காலம் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்ற பின், 1984-இல் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். நோயாளிகளின் குடும்பத்தார் கூடி நடத்திய ‘ஆஷா’ அமைப்புக்கும் துணை நின்றார். 98 வயது வரை வாழ்ந்து 2021 டிசம்பரில் அவர் மறைந்தார். குடும்பத்தை நோயின் காரணம் என்று குற்றக்கூண்டில் நிறுத்தாமல் சிகிச்சையின் பங்காளியாகப் பார்த்த மரபு நம் மண்ணில் எழுபது ஆண்டுப் பழையது. அதைத்தான் நாம் கைநழுவ விடுகிறோம்.

2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஓர் ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலுள்ள முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய மனநோயாளிகளைப் பெங்களூரு நிமான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அங்கே கட்டிப்போடுவதில்லை, தனியாகப் பெரிய சடங்கும் இல்லை. குடும்பத்தோடு சில வாரங்கள் தங்கி, கோயிலைப் பெருக்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, இருப்பவர்களோடு இருப்பதுதான். நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, அரவணைக்கும் ஒரு சூழலில் இருந்ததே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மருந்தை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. பழித்துப் பேசாத நாலு மனிதர்கள் சுற்றி இருந்தாலே உடம்பிலும் மனத்திலும் அளக்கக்கூடிய மாற்றம் வருகிறது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. காஞ்சிபுரம் பகுதியிலும் கோவாவிலும் சதாராவிலும் 282 மனச்சிதைவு நோயாளிகளிடம் நடத்தி 2014-இல் லான்செட்டில் வெளியான ஆய்வும் அதே திசையைக் காட்டியது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப்போய், சுய உதவிக் குழுக்களோடு இணைத்துவிட்டுக் கவனித்தவர்கள், மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஓரளவு மேம்பட்டிருந்தார்கள். வித்தியாசம் பிரமாதமானதல்ல. ஆனால் சிறிதளவு மேம்பாடு என்பது அந்த வீடுகளில் ஒருவர் தானாக எழுந்து குளித்து, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவது.

சுற்றி யாரும் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடம் ஓர் ஊர்ப் பெயர் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் கருகிச் செத்தார்கள். நாடே பதறியது, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. ஆனால் ஒரு கேள்வியை நாம் கடைசிவரை முழுதாகக் கேட்கவில்லை. அந்த 28 பேரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் யார்? கல்நெஞ்சக்காரர்களா? பெரும்பாலும் இல்லை. ஊரில் உள்ள பேயோட்டி, மந்திரவாதி, டாக்டர் என்று எல்லாரையும் பார்த்துக் களைத்து, நிலத்தை விற்று, மற்றப் பிள்ளைகளின் கல்யாணம் தடைபடுமே என்று அஞ்சி, கடைசியில் ஏர்வாடி தர்காவின் நிழலில் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் தெருவில் அவர்களோடு பேச இன்னொரு குடும்பம் இருந்திருந்தால் எத்தனை பேர் அந்தக் கொட்டகைக்குப் போகாமலே இருந்திருப்பார்கள்?

சங்கிலி போடுவதை மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 எந்த வடிவிலும் தடைசெய்கிறது. தடை நல்லதே. ஆனால் சங்கிலியை எடுத்த இடத்தில் என்ன வைத்தோம்? அதே சட்டம் 18-ஆம் பிரிவில், நோயாளியின் குடும்பத்துக்குத் துணையாக இருக்கும் சேவைகளையும் அரசு தர வேண்டும் என்கிறது. 19-ஆம் பிரிவு, சமூகத்தில் எல்லாரோடும் வாழ்வது நோயாளியின் உரிமை என்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வெளியே வசதி இல்லை என்று காரணம் காட்டி யாரையும் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இன்னும் ஒருபடி மேலே போய், மாநில மனநல ஆணையத்தில் பாதிக்கப்பட்டவர்களின் சார்பில் இருவர், பராமரிப்பவர்கள் சார்பில் இருவர் இருக்க வேண்டும் என்கிறது. மாவட்ட அளவிலான மறுஆய்வு வாரியங்களிலும் அவர்களுக்கு இடம் உண்டு. குழுவே இல்லாத மாவட்டத்தில் இந்த உறுப்பினர் எங்கிருந்து வருவார்? யாரோ ஓர் அதிகாரிக்குத் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட வருவார். அவர் யாருக்காகப் பேசுவார்?

மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றுள் திருச்சியும் ஒன்று. அந்த வகையில் நாம் முன்னோடிகள். இன்று அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரும் மருந்தும் பெரும்பாலும் கிடைக்கின்றன. தெருவில் அலைவோரை மீட்டுச் சிகிச்சை தரும் மையங்கள் 2018 முதல் மாவட்டங்களில் வந்திருக்கின்றன. ‘பானியன்’ போன்ற தொண்டு நிறுவனங்கள் இதில் அரசோடு கைகோத்தன. மறுக்கவில்லை. ஆனாலும் 2015-16 தேசிய மனநல ஆய்வு (தமிழ்நாடும் அதில் சேர்ந்த 12 மாநிலங்களில் ஒன்று) சொன்ன செய்தி வயிற்றைக் கலக்குகிறது. சிகிச்சை தேவைப்படுபவர்களில், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சைக்கே வரவில்லை. மருந்து அலமாரியில் இருக்கிறது, ஆள் வீட்டுக்குள் பூட்டிய அறையில் இருக்கிறார். இடையில் இருக்கும் தூரத்தை மருத்துவரால் கடக்க முடியாது. பக்கத்துத் தெருவிலிருந்து கதவைத் தட்டும் ஒருவரால்தான் முடியும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். நாடு முழுதும் இதற்குக் காரணங்களாகப் பதிவானவற்றில் குடும்பப் பிரச்சினைகள் முதலிடத்திலும் நோய் இரண்டாமிடத்திலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே அறையில் வைத்துப் பேசக்கூடிய இடம் எது என்று யோசித்துப் பாருங்கள்.

“நம்ம குடும்ப அமைப்பு வலுவானது, மேல்நாடு மாதிரி கைவிட மாட்டோம்” என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நோயாளியை ஓயாமல் குறைசொல்லிக் குத்தும் போக்கு லண்டன் குடும்பங்களைவிடச் சண்டிகர்க் குடும்பங்களில் குறைவு என்று 1980-களில் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் அந்தக் குடும்பம் எது? பாட்டி, சித்தப்பா, அத்தை என்று பத்துப் பேர் இருந்த வீடு. சுமை பத்துத் தோள்களில் பரவியது. இன்று அம்மா, அப்பா, நோயுற்ற பிள்ளை. இன்னொரு பிள்ளை துபாயிலோ டெக்சாஸிலோ. மூன்று பேர் வீட்டிடம் பத்துப் பேர் வீட்டின் பொறுமையை எதிர்பார்ப்பது அநியாயம். குடும்பத்தின் பெருமை, அரசு தன் கடமையிலிருந்து நழுவுவதற்கான சாக்காக மாறியிருக்கிறது.

பெண்களின் நிலை இதனினும் மோசம். நோயுற்ற கணவனை மனைவி பார்த்துக்கொள்வாள் என்பது எழுதாத விதி. நோயுற்ற மனைவி தாய்வீட்டுக்கு அனுப்பப்படுவாள் என்பது இன்னொரு எழுதாத விதி. ஸ்கார்ஃப் மருத்துவர் தாராவும் அவருடைய குழுவினரும், மனச்சிதைவால் பாதிக்கப்பட்டு மணவாழ்க்கை முறிந்த சென்னைப் பெண்களை ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். பலருக்குச் சட்டப்படி விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்சமும் இல்லை. வயதான பெற்றோரின் நிழலில் இருந்தார்கள். அந்தப் பெற்றோருக்கு இன்று என்ன வயதிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பதறுகிறது.

நம் மாநிலத்தால் இது முடியாத காரியமா? எச்ஐவி இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அந்த நோயின் பெயரைச் சொல்லவே ஊர் கூசியது. 1997-இல் சென்னையில் பாதிக்கப்பட்டவர்கள் தாமே ஒரு தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பெண்களுக்கெனத் தனி அமைப்பு வந்தது. மாவட்டம்தோறும் சங்கங்கள் கிளைத்தன. அரசும் அவர்களை ஒதுக்கிவைக்காமல் திட்டத்தின் அங்கமாக்கியது. நேற்றுவரை நோயாளியாக இருந்தவர் சிகிச்சை மையத்து வாசலில் உட்கார்ந்து புதிதாக வருபவருக்குத் தைரியம் சொன்னார். சிகிச்சையை விட்டு ஓடாமல் இருந்தவர்களுக்குப் பின்னால் இந்தத் தோழமை இருந்தது. அதே தோழமை மனநோயாளிக்கு ஏன் மறுக்கப்படுகிறது? 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இருக்கின்றன. வாரம் ஒரு நாள் கூடுவது, நோட்டு எழுதுவது, ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன் நிற்பது நம் பெண்களுக்குப் பழகிப்போன கலை. பக்கத்துக் கேரளத்தில் மனோஜ் குமார் என்ற மனநல மருத்துவர் 2008-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அறக்கட்டளை, உள்ளூர்த் தொண்டர்களையே தூண்களாகக் கொண்டு ஏழைகளுக்கான மனநல கிளினிக்குகளை நடத்திவருகிறது. தொண்டர்கள் வீடுகளுக்குப் போய் வருகிறார்கள், மருத்துவர் வருவது பிறகுதான்.

குழு என்றாலே எல்லாம் நல்லபடி நடந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சரியாக நடத்தாத குழு கேடு செய்யும். குரல் பெருத்த ஒருவர் தன் மகனுக்கு ஒத்துவந்த மருந்தை எல்லாருக்கும் சிபாரிசு செய்வார். “மாத்திரையெல்லாம் விஷம், நிறுத்திடுங்க” என்று இன்னொருவர் சொல்வார். ஜெபத்துக்கோ பரிகாரத்துக்கோ ஆள் பிடிக்க வருபவர்களும் உண்டு. இதைவிட ஆழமான கோளாறு ஒன்று இருக்கிறது. குடும்பத்தார் பேசிக்கொண்டே இருக்க, பாதிக்கப்பட்டவர் மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். அவரைப் பற்றி அவர் முன்னாலேயே மூன்றாம் மனிதரைப் போலப் பேசுவார்கள். “நேத்து இவன் என்ன பண்ணான் தெரியுமா?” என்று நாற்பது வயது ஆளைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால்தான் பாதிக்கப்பட்டவர்கள் தனியாகவும், குடும்பத்தார் தனியாகவும், அவ்வப்போது இருவரும் சேர்ந்தும் கூட வேண்டும் என்கிறோம். மது அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்கள் 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இன்று நம் ஊர்களிலும் கூடுகிறது. அங்கே பேசுபவர் அனைவரும் அந்தப் பாதையில் நடந்தவர்கள். பேசியது அறையைத் தாண்டாது. இந்த இரண்டு கட்டுப்பாடுகளும் மனநலக் குழுக்களுக்கும் அப்படியே பொருந்தும். நோயிலிருந்து மீண்டவர்களுக்கு முறையான பயிற்சி தந்து, சம்பளம் கொடுத்து, குழுவை வழிநடத்தும் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். சம்பளம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். மீண்டு வந்தவரின் அனுபவத்தை இலவசமாகக் கறந்துகொள்ளும் பழக்கம் தொண்டு உலகில் நெடுநாளாக இருக்கிறது. அது ஒழிய வேண்டும்.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு மாதம் இரண்டு கூட்டம், ஒரு கூட்டத்துக்கு வழிநடத்துபவருக்கான தொகை, டீ, பன், வெளியூர்க்காரருக்குப் பஸ் காசு எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு 2 கோடியே 80 லட்சத்தைத் தொடாது. ஊரக நூலகமோ ஆரம்ப சுகாதார நிலையத்தின் கூடமோ இடத்துக்குப் போதும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் அம்மாக்கள் வந்துவிடுவார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்களுக்கு எந்த வீட்டில் யார் வெளியே வராமல் இருக்கிறார் என்று தெரியும். “வர்ற சனிக்கிழமை லைப்ரரியில கூடுறாங்க, நீங்களும் வாங்கம்மா” என்று ஒரு வார்த்தை சொல்ல அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும். நகரங்களுக்கு இதே கணக்கை இன்னொரு மடங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்காகத்தான் இருக்கும்.

இதை எழுதும்போது கோபத்தை அடக்க முடியவில்லை. ஏனென்றால் கேட்பது இவ்வளவு சிறியது.

குழுவால் மட்டும் தீராதது ஒன்று உண்டு. பெற்றோர் போன பிறகு பிள்ளையின் பெயரிலுள்ள வீட்டை, வங்கிக் கணக்கை, சிகிச்சையை யார் மேற்பார்வையிடுவது என்ற சட்டப் பிரச்சினை அது. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு மூலம் காப்பாளரை நியமிக்க வழி செய்தது. மனநோயை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய்க்கு இருக்கும் கதவு மனச்சிதைவு உள்ள பிள்ளையின் தாய்க்கு மூடியிருக்கிறது. அவர் வக்கீலைப் பிடித்து நீதிமன்றப் படியேற வேண்டும். தமிழகத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இந்தச் சட்டத்தைத் திருத்தக் குரல் கொடுக்க வேண்டும். திருத்தும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். காப்பாளர் என்ற பெயரில் நோயாளியின் சொத்தை அண்ணன் தம்பிகள் விழுங்கும் கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. மனநோய் வந்தவருக்கும் தெளிவான நாட்கள் உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு. முடிவெடுக்க உதவ ஓர் ஆள், அவருக்குப் பதிலாக முடிவெடுக்க அல்ல. அந்த ஆளைக் கண்காணிக்க, அவரோடு பல ஆண்டுகள் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து பழகிய குழுவைவிடப் பொருத்தமானவர் யார்? காப்பாளர் நியமன விதிகளில் உள்ளூர் ஆதரவுக் குழுவுக்கு எழுத்தில் இடம் தர வேண்டும். ஆண்டுக்கொரு முறை கணக்குப் பார்க்கும் அதிகாரமும் தர வேண்டும்.

பெற்றோர்கள் தங்களுக்குள்ளேயே சில இடங்களில் ஓர் ஏற்பாட்டைப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, பிள்ளைகளை அங்கே வாழப் பழக்கி, சமைக்கவும் கவனிக்கவும் ஓர் ஆளைப் போட்டு, தாங்கள் இருக்கும்போதே ஒதுங்கிப் பார்ப்பது. பானியன் நிறுவனம் 2015 முதல், மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைச் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளில் நான்கைந்து பேராகக் குடிவைத்துக் காட்டியிருக்கிறது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசி, தெருக் கோயில் திருவிழாவுக்குப் போய் அவர்கள் வாழ்கிறார்கள். இதைச் செய்ய நிலமும் கட்டடமும் கொண்ட ‘இல்லம்’ தேவைப்படவில்லை. வாடகை வீடு தர ஒப்புக்கொண்ட வீட்டுக்காரரும், புகார் கொடுக்காத அக்கம்பக்கமும் தேவைப்பட்டன. அரசு வாடகையில் ஒரு பங்கை ஏற்றால் நடுத்தரக் குடும்பங்களும் ஏழைக் குடும்பங்களும் இந்த ஏற்பாட்டுக்குள் வர முடியும். ஆனால் முன்பின் தெரியாத நான்கு குடும்பத்தார் திடீரென்று ஒரு வீடு எடுக்க மாட்டார்கள். பல ஆண்டு ஒரே அறையில் டீ குடித்துப் பழகியவர்கள்தான் எடுப்பார்கள். அதனால்தான் குழுவை முதலில் கேட்கிறோம். இன்று தொடங்கினால் அந்தப் பழக்கம் முற்றுவதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். எண்பது வயதுத் தாய்க்கு அத்தனை ஆண்டுகள் கையில் இல்லை.

இதைப் படிப்பவர்களில் இந்த வேதனையைத் தனியாகச் சுமப்பவர் யாராவது இருந்தால், அரசின் டெலி மனஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். உங்கள் பகுதியில் குழு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அதை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு தபாலில் எழுதிப் போடுங்கள்.

அரசுக்கு நம் கோரிக்கை இது. வரும் அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, பேரணிக்கும் உறுதிமொழிக்கும் பதிலாக ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் ஒரு பட்டியலை வெளியிட வேண்டும்: தன் மாவட்டத்தின் எந்த ஒன்றியத்தில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டடத்தில் மனநல ஆதரவுக் குழு கூடுகிறது என்ற பட்டியல். குழு இல்லாத ஒன்றியங்களின் பெயர்களும் அதே தாளில் அச்சாக வேண்டும். அவற்றுக்கு எதிரே, குழு தொடங்கும் தேதியும் பொறுப்பேற்கும் அதிகாரியின் பதவியும் இருக்க வேண்டும்.